நடுப்பாதையில் ஆர்மோனியம்

லீலாபாயின் கல்யாணக் காலையில் வீட்டில் எல்லோரும் ஆபேலின் கறுப்புக் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அது எங்கும் தொலைந்துவிடவில்லை. ஆபேல் அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

கண்டுபிடித்தவள் ராகேல்தான். கணவன் சும்மா இருக்கும்போதுதான் எதையாவது மறைக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும்.

"எழும்புங்க."

"எதுக்கு?"

"கோட்டு கசங்குது."

"கசங்கட்டும். நான் வேட்டி சட்டையோட பின்னால பெஞ்சுல இருந்துக்கிடுதேன். பொண்ணுக்கு அண்ணன்னா கோட்டு போட்டுத்தான் வரணும்னு வேதத்துல எழுதியிருக்கா?"

"கோட்டுதான் பிரச்சினையா, ஆர்மோனியப் பெட்டியா?" என்று கேட்டாள் ராகேல்.

ஆபேல் கோட்டின்மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தான்.

பெட்டிதான் பிரச்சினை. போன கிறிஸ்மசுக்கு முந்தின வாரம், கீரிப்பாறைக்கு மேலே எஸ்டேட் கோயிலில் பாடிவிட்டுப் பாடகர் குழு இறங்கி வந்த லாரி, ஒரு வளைவில் பிரேக் பிடிக்காமல் ஓடைக்குள் உருண்டது. மற்றவர்கள் அடிபட்ட காயங்களோடு வீடு வந்து சேர்ந்தார்கள். ஆபேலின் இடது கை லாரிப் பலகைக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. உயிரைக் காப்பாற்ற, டாக்டர் கையை மணிக்கட்டோடு எடுக்க வேண்டியிருந்தது. உறைக்குள் இருந்த அவன் பிடிலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் ஆபேலால் பொறுத்துக்கொள்ள முடியாத விஷயம்.

அதுவரை நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் யார் காலட்சேபம் செய்தாலும் பக்கத்தில் பிடிலோடு உட்கார்ந்திருப்பவன் ஆபேல்தான். புன்னைவிளைச் சபையின் பாடகர் குழுவுக்கும் அவனே தலைவன். கை போன பிறகு அவன் கோயிலில் பாட்டுக்குக்கூட வாய் திறக்கவில்லை.

ஓய்வுநாள் பள்ளிக்கூடத்தில் சும்மா கிடந்த ஆர்மோனியத்தை வீட்டுக்குத் தூக்கி வந்தவள் ராகேல். வலது கையால் கட்டைகளை வாசிக்கலாம். ஆனால் பெட்டியின் பின்பக்கத்துத் துருத்தியை அமுக்கிக் காற்றுக் கொடுக்க இன்னொரு கை வேண்டும். "என் கை சும்மாதானே இருக்கு" என்று அவள் எதிரே உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அடுப்பில் உலை வைத்துவிட்டு, தினமும் கொஞ்ச நேரம். இரண்டு பேரும் வீட்டுக்குள் வாசித்துப் பழகி மழைக்காலம் போய்விட்டது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டுதான்.

லீலாபாய் தன் கல்யாணத்துக்கு அண்ணன்தான் வாசிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அவன் சரி என்று சொல்லியிருந்தான். இன்று சபைக்கு முன்னால் உட்காராவிட்டால் பிறகு எந்த நாளும் உட்கார மாட்டான் என்று ராகேலுக்குப் பட்டது. அவனுக்கும் அது தெரியும். அதனால்தான் கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தான்.

வாசலில் செருமல் கேட்டது. சபைச் செயலாளர் யேசுரத்தினம், குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"வே ஆபேலு, ஒரு காரியம் சொல்லணும். தப்பா எடுக்கப்பிடாது."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"பாடகர் பெஞ்சு ஆம்பளைங்க பக்கம் கிடக்கு. நீரு அங்க இருந்து வாசிப்பீரு, சரி. டீச்சரும் அங்க வந்து இருந்தா நல்லா இருக்காது. வலப்பக்கம் ஆம்பளை, இடப்பக்கம் பொம்பளை. இது நான் உண்டாக்கின சட்டமா? வெள்ளைக்காரப் பாதிரி ஐயருமாரு காலத்துல இருந்து உள்ளதாக்கும்."

"அப்போ துருத்தி?" என்றாள் ராகேல்.

"யாராவது ஒரு ஆம்பளை போடட்டும்."

"போன வாரம் இவிய சித்தப்பா மகன் போட்டுப் பாத்தாரு. பசு ஈனுதுன்னு பக்கத்து வீட்டுல இருந்து ஆள் ஓடி வந்துட்டு."

யேசுரத்தினம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆபேல் சட்டென்று முந்திக்கொண்டான்.

"பெட்டியே வேண்டாம் அண்ணாச்சி. பாடகர்மாரு வாயால பாடட்டும். அதுவும் நல்லாத்தான் இருக்கும்."

அவன் அதைச் சொன்ன வேகத்தில் இருந்த நிம்மதியை ராகேல் கவனித்தாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. பாதித் தலையில் பூவும் பாதித் தலையில் ஊசியுமாக லீலாபாய் வந்து நின்றாள்.

"பெட்டிய நடுவுல வையுங்க."

"கல்யாணப் பொண்ணு வெளிய வரப்பிடாது, உள்ள போ மக்கா" என்றார் யேசுரத்தினம்.

"போறேன். பீடத்துக்கு முன்னால நடுப்பாதையில பெட்டிய வைக்கணும். அண்ணன் ஆம்பளைங்க பக்கம் இருந்து வாசிக்கட்டும். மைனி பொம்பளைங்க பக்கம் இருந்து காத்து போடட்டும். அவியவிய அவியவிய பக்கத்துல. பெட்டி மட்டும் நடுவுல."

"நடுப்பாதையிலயா? நீ எந்த வழியா வருவ? பறந்தா?"

"சுத்தி வருவேன்."

"சேலை தடுக்கி விழுந்தா?"

"மாப்பிள்ளை தூக்கட்டும். பின்ன எதுக்கு கெட்டுதேன்?"

யேசுரத்தினம் சுவரோரம் குடையைத் தேடினார். வலப்பக்கத்துக்குச் சட்டம் உண்டு, இடப்பக்கத்துக்கும் உண்டு. நடுவுக்கு யாரும் சட்டம் போட்டுவைக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, "ஐயருட்ட சொல்லிப் பாக்கேன். இந்த வீட்டுப் பொம்பளையளுட்ட பேசதுக்குக் கோர்ட்டுக் கச்சேரிக்குப் போயிரலாம்" என்று போனார்.

லீலாபாய் உள்ளே திரும்பினாள். போகும்போது அண்ணனைப் பார்த்து, "கோட்டுல இருந்து எழும்பு" என்று மட்டும் சொன்னாள்.

ஆபேல் எழுந்திருக்கவில்லை.

"எல்லாரும் என்னைத்தான் பாப்பாவ" என்றான். "பாட்டையா கேப்பாவ? பொண்டாட்டி காத்து போட புருஷன் வாசிக்கான்னு சிரிப்பாவ."

"சிரிக்கட்டும். நான் வாயத் திறந்து பாடினாலும் இந்தச் சபை சிரிக்கத்தான் செய்யுது. முன்னால பெஞ்சுல இருந்து ஜெபகுமாரி அக்கா திரும்பித் திரும்பிப் பாக்கும். காத்துக்கு ராகம் கெடயாதுல்லா? இதுலயாவது நான் தப்பிச்சுக்கிடுவேன்."

அவளுக்குச் சுருதி சேராது என்பது ஊரறிந்த விஷயம். கல்யாணமான புதிதில் அவன் அவளுக்கு ஒரே ஒரு கீர்த்தனை சொல்லிக்கொடுக்க முயன்று, மூன்றாம் நாள் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டான். அது நினைவுக்கு வந்து ஆபேல் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு உட்கார்ந்திருப்பது கஷ்டம். எழுந்தான்.

ராகேல் கோட்டை உதறிக் கையாலேயே தடவிச் சரிப்படுத்திப் போட்டுவிட்டாள். அவன் இடது கையைக் கோட்டுப் பைக்குள் நுழைத்துக்கொண்டான். வெளியே போகும்போதெல்லாம் அப்படித்தான். அவள் அதைப் பார்த்தபடியே காலரை நிமிர்த்திவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் வர நேரமாகிவிட்டது. நாசரேத்துப் பக்கமிருந்து அவர்கள் வந்த பஸ்ஸை ஆரல்வாய்மொழி செக்போஸ்டில் நிறுத்தி, யாராவது அரிசி கடத்துகிறார்களா என்று சோதித்தார்களாம். ஒரு மூட்டை இருந்ததாம். பலகார அரிசி என்று மாப்பிள்ளையின் அத்தை அழுது, ஒரு முறுக்கைக் கடித்துக் காட்டிய பிறகுதான் விட்டார்களாம். வந்து இறங்கும்போதே அவர்கள் பாடிக்கொண்டு இறங்கினார்கள். நல்ல கனத்த குரல்கள்.

கோயிலில் பீடத்துப் படிக்கும் முதல் பெஞ்சுகளுக்கும் நடுவில் ஒரு முக்காலி. அதன்மேல் ஆர்மோனியம். வலப்பக்க நாற்காலியில் ஆபேல், இடப்பக்க நாற்காலியில் ராகேல். இருவருக்கும் நடுவில் பெட்டியின் அகலம்தான் தூரம். இதற்கு முன் கோயிலில் அவர்கள் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அவர்கள் என்ன, அந்தக் கோயிலில் எந்தப் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்ததில்லை. அன்று கண்களை மூடி ஜெபித்தவர்கள் குறைவு.

வாசலில் லீலாபாய் வந்து நின்றதும் ஆபேல் தலையசைத்தான். ராகேலின் கை ஒரு கணம் பிந்திவிட்டது. முதல் ஸ்வரம் கிறீச்சென்று வந்து நின்றது. பின்னால் யாரோ களுக்கென்றார்கள்.

ஆபேலின் முகம் வெளுத்தது. ராகேல் அவன் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தாள். வீட்டிலும் அப்படித்தான் பழகியிருந்தாள். பாட்டு அவளுக்குப் பிடிபடாது. ஆனால் ஒவ்வொரு அடி தொடங்கும் முன்னும் அவன் தன்னையறியாமல் மூச்சை இழுப்பான். அப்போது துருத்தியைத் தள்ளினால் சரியாக இருக்கும். அவன் மூச்சு இழுத்தான். அவள் தள்ளினாள். பாட்டு எழுந்தது.

லீலாபாய் மெதுவாக நடந்து வந்து, ராகேலின் நாற்காலியைச் சுற்றித் திரும்பினாள். முக்காட்டின் நுனி நாற்காலி முதுகில் மாட்டிக்கொண்டது. ராகேல் ஒரு கையால் காற்றை விடாமலே மறு கையால் அதை எடுத்துவிட்டாள்.

"விழல மைனி" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள் லீலாபாய்.

உடன்படிக்கை முடிந்தது. ஆசீர்வாதம் என்ற அந்த மாப்பிள்ளை தாலி கட்டினான். புன்னைவிளை ஐயர் ஆசீர் கூறி, விருந்தினருக்கு மரியாதையாக, அடுத்த பாட்டைச் சொல்லும்படி மாப்பிள்ளை ஊர் ஐயரைக் கேட்டுக்கொண்டார்.

அவர் எழுந்து, புத்தகத்தைத் திறந்து, முகமெல்லாம் சந்தோஷமாக அறிவித்தார்.

"நூற்றுப் பதினேழாம் பாட்டு பாடுவோம்."

திருநெல்வேலிச் சபையும் தென்திருவிதாங்கூர்ச் சபையும் ஒரே திருச்சபையாகி எட்டு வருஷமாகிவிட்டது. பேராயர்கள் கைகோத்துவிட்டார்கள். பாட்டுப் புத்தகங்கள்தான் இன்னும் கைகோக்கவில்லை. அவர்களுக்கு ஒன்று, இவர்களுக்கு ஒன்று.

மாப்பிள்ளை ஊர்ப் புத்தகத்தில் நூற்றுப் பதினேழு கல்யாணப்பாட்டு. புன்னைவிளைப் புத்தகத்தில் அது அடக்கப்பாட்டு. சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது பாடுவது.

புன்னைவிளைக்காரர்களுக்கு அந்த எண்ணைக் கேட்டால் புத்தகம் வேண்டாம். பெண்கள் பக்கத்தில் கண்ணாடி போட்ட இரண்டு மூன்று பேர், எண் சொன்னால் அதைப் பாடிப் பழகியவர்கள், யோசிக்காமல் தொடங்கிவிட்டார்கள். இழுத்து, உருகி, நெஞ்சைப் பிழிகிற மாதிரி. பக்கத்தில் இருந்தவர்கள் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். வலப்பக்கம் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் துள்ளலாக, ஓங்கி, தங்கள் பாட்டைப் பாடினார்கள். ஒரு கூரைக்குக் கீழே கல்யாணமும் சாவும் சேர்ந்து நடந்தன.

"நிப்பாட்டுங்கட்டீ!" என்று பின்னாலிருந்து யேசுரத்தினத்தின் குரல் கேட்டது. யார் நிறுத்துவது? இரண்டு பக்கமும், மற்றவர்கள்தான் தப்பு என்று நினைத்து இன்னும் உரக்கப் பாடினார்கள். லீலாபாய் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். காலையில் யேசுரத்தினத்தை மடக்கிய முகம் இல்லை அது. கல்யாணத்தன்று அடக்கப்பாட்டு கேட்டவள் என்று ஊர் காலமெல்லாம் சொல்லும்.

ஆபேலின் கை கட்டைகளின்மேல் நின்றுபோயிருந்தது.

"என்ன வாசிக்கணும்?" என்றாள் ராகேல் மெல்ல.

"அவிய பாடுதத."

"தெரியுமா?"

"கேட்டதே இல்ல."

"பின்ன?"

"காத்து மட்டும் விடாத."

அவன் தலையைச் சற்றுச் சாய்த்தான். ராகேலுக்கு அந்தச் சாய்வு தெரியும். மேடையில் பாகவதர் புதிதாக ஒரு பாட்டை எடுக்கும்போது பிடிலை மோவாயோடு சேர்த்துக்கொண்டு அவன் இப்படித்தான் சாய்வான். தெரியாத பாட்டுக்குப் பின்னாலேயே ஒரு நூலிழை தள்ளி நடந்து, கேட்பவர்களுக்குச் சேர்ந்தே பாடுவதுபோலத் தோன்றச் செய்வது அவன் தொழில். மலையில் போனது விரல்கள். காது அங்கேயேதான் இருந்தது. அதை அவன் எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வலது கை மாப்பிள்ளை வீட்டார் பாட்டைத் தடவித் தடவிப் பிடித்தது. முதல் அடி தப்பியது. இரண்டாவது பாதி கிடைத்தது. மூன்றாவது அடியில் அவன் ராகேலைப் பார்த்து மோவாயை உயர்த்தினான். அவள் துருத்தியை ஓங்கித் தள்ளினாள். பெட்டி முழங்கியது.

இரண்டாம் சரணத்தில் அவன் அவர்களோடு இருந்தான். மூன்றாம் சரணத்தில் அவர்களுக்கு முன்னால் போனான். பெட்டியின் சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுப் பெண்கள் பக்கத்தில் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கண்ணாடிக்காரப் பெரியம்மாமார் கடைசியாக நிறுத்தினார்கள். பல்லவி திரும்ப வந்தபோது, வார்த்தை தெரியாவிட்டாலும் ராகம் பிடிபட்டு, புன்னைவிளையும் சேர்ந்து பாடியது.

அதற்குள் ஆபேலின் இடது கை கோட்டுப் பையிலிருந்து வெளியே வந்திருந்தது. பெண்கள் பக்கம் நீட்டி, அந்த மொட்டைக் கையால் தாளம் காட்டி, "இப்போ, இப்போ" என்று அவர்களை இழுத்துக்கொண்டிருந்தான். கோட்டுக் கை முழங்கை வரை சுருண்டு கிடந்தது. சபை முழுவதும் பார்த்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. சபைக்கும், அந்தக் கை சொன்ன இடத்தில் பாடுகிற வேலை இருந்தது.

பாட்டு முடிந்ததும், மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து நடந்து போக வழியில்லை. நடுவில் பெட்டி. ஆசீர்வாதம் ஆபேலின் பக்கமாகவும், லீலாபாய் ராகேலின் பக்கமாகவும் சுற்றிப் போய் அந்தப் புறம் மறுபடி கைகோத்துக்கொண்டார்கள். கோயில் என்பதையும் மறந்து எல்லோரும் சிரித்தார்கள்.

பந்தலில் அந்தப் பேச்சாகவே இருந்தது.

"எங்க புத்தகத்துல அது கல்யாணப்பாட்டு" என்று மாப்பிள்ளை ஊர் ஐயர் பத்தாவது தடவையாகச் சொன்னார்.

"எங்களுக்கும் ஆளை ஒரு வீட்டுல இருந்து இன்னொரு வீட்டுக்கு அனுப்புத பாட்டுதான் ஐயரே" என்றார் யேசுரத்தினம். "போற வீடுதான் வேற."

இலையில் இருந்த அப்பளம் தெறிக்கும்படி ஐயர் சிரித்தார்.

"வே ஆபேலு" என்று யேசுரத்தினம் திரும்பினார். "வாற ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கும் பெட்டி அங்கயே கிடக்கட்டும். முக்காலிய நான் எடுக்கச் சொல்லல."

ஆபேல் தலையை மட்டும் ஆட்டினான். பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். ராகேல் பாயச வாளியோடு அடுத்த வரிசையில் நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை போன பிறகு அவன் இரண்டாம் தடவை சோறு கேட்டது அன்றுதான்.

அப்போதுதான் செல்வதாஸ் வந்தார். எஸ்டேட் கோயிலின் மூப்பர். விபத்தன்று லாரியில் கூட வந்தவர். இப்போதும் சற்றுத் தாங்கித்தான் நடப்பார்.

"ஆபேலு, போன வருஷத்துக்குப் பிறகு எங்க கோயில்ல பாட்டு சத்தமே சரியில்லப்பா. ரப்பர் வெட்டுதவன் எல்லாம் கிறிஸ்மஸ் அன்னைக்கு ஊரப் பாத்து இறங்கிப் போயிருதான். நீரு இன்னைக்கு வாசிச்சதப் பாத்தேன். இந்தக் கிறிஸ்மசுக்கு மலைக்கு வாரும். நீரும் டீச்சரும் பெட்டியோட."

ஆபேல் இலையிலிருந்து நிமிர்ந்தான். முகத்தில் கல்யாணத்தின் வெளிச்சம் அப்படியே இருந்தது.

"வாறோம் அண்ணாச்சி."

"உறுதிதானா?"

"வாறோம்ணு சொல்லியாச்சுல்லா."

செல்வதாஸ் அவன் தோளைத் தட்டிவிட்டு, வாசலில் எஸ்டேட் லாரிக்காகக் காத்திருந்த தன் ஆட்களிடம் தாங்கித் தாங்கியே விரைந்தார். அங்கிருந்து அவர்கள் கைதட்டியது பந்தல் வரை கேட்டது.

ராகேல் அவன் இலைக்கு முன்னால் வந்து நின்றாள். கரண்டியில் எடுத்த பாயசம் இலையில் விழவில்லை. வாளிக்குள்ளேயே திரும்பி விழுந்தது.

"வாறோம்ணு சொன்னியளே" என்றாள். "என்ட்ட கேட்டியளா?"

"கேக்கதுக்கு என்ன இருக்கு? நீதானே இத்தனை நாளும் எழும்பு எழும்புன்னு சொன்ன. எழும்பியாச்சு."

"எழும்பத்தான் சொன்னேன். அந்த ரோட்டுல ஏறச் சொல்லல."

"ராகேலு, லாரியில இருந்தது நானாக்கும். எனக்கே பயம் போயிட்டு."

"உங்களுக்குப் போகும். நீங்க மயங்கிக் கிடந்திய." அவள் குரல் உயரவில்லை. பக்கத்து இலைக்காரர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது. "உங்களைச் சாக்குல சுத்திக் கொண்டுவந்து முற்றத்துல வைக்கும்போது முழிச்சிட்டு இருந்தது நான். உயிர் இருக்கான்னு ஒருத்தனும் சொல்லல. நானே துணிய விலக்கிப் பாத்தேன்."

ஆபேல் அவளை நிமிர்ந்து பார்த்தான். இத்தனை மாதத்தில் அவன் இதைக் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

"அண்ணாச்சிட்ட வாக்குக் கொடுத்துட்டேனே" என்றான், மெதுவாக.

"கொடுத்தத மாத்தாண்டாம். நீங்க போங்க. பெட்டியையும் கொண்டு போங்க." ராகேல் வாளியைத் தூக்கிக்கொண்டாள். "காத்து இங்கதான் இருக்கும்."

அடுத்த இலைக்குப் பாயசம் ஊற்றக் குனிந்துவிட்டாள்.